வாத்திடம் சொன்னது

அந்த மென்பொருள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் நிரலில் சிக்கிக்கொண்டால், முதலில் மேசைமேல் இருக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் வாத்திடம் விளக்க வேண்டும். என்ன செய்தாய், என்ன வரும் என்று நினைத்தாய், என்ன வந்தது. சொல்லும்போதே பிழை தெரிந்துவிடும் என்பார் டீம் லீடர் பிரணவ். பையன்கள் அவரிடம் சந்தேகம் கேட்கப் போனால் மட்டும் நாற்காலியை இழுத்துப் போடுவார். மாரிச்செல்வி போனால் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "வாத்துகிட்ட சொல்லிட்டியாம்மா?" என்பார். ஆறு மாதத்தில் வேலை நிரந்தரமாக வேண்டும். அவளும் சொன்னாள், தமிழில், வரிவரியாக.

"வாத்துக்குத் தமிழ் புரியுதா செல்வி?" என்றான் பையன்களில் ஒருவன்.

"உங்களைவிட நல்லாவே புரியுது."

பிழைகள் ஒவ்வொன்றாக அகப்பட்டன. பிறகு அவள் யாரிடமும் போகவில்லை.

ஆறாம் மாதம் பிரணவ் கூப்பிட்டார். "உன் வேலையில குறையே இல்லம்மா. ஆனா டீமோட பேசவே மாட்டேங்கிற. இங்க சரிப்பட்டு வராது."

"நீங்கதானே சார் வாத்துகிட்டப் பேசச் சொன்னீங்க?"

"பாத்தியா, பேசினா இப்படித்தான் பேசுற."

அடையாள அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அவள் வாத்தின் முன் உட்கார்ந்தாள். என்ன செய்தாள், என்ன வரும் என்று நினைத்தாள், என்ன வந்தது, எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள். அவள் பக்கத்தில் பிழை எதுவும் அகப்படவில்லை. வாத்து பார்த்துக்கொண்டேயிருந்தது. அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.