ஹாஃப் கிளட்ச்

"கிளட்ச்சை விடு... மெதுவா... மெதுவான்னா அங்கேயே நிக்காதேம்மா! ஐயோ, கருகுற நாத்தம் வருது பாரு!"

பார்க்கிங் கட்டடத்தின் சரிவில் பாதி ஏறிய கார், முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் முனகிக்கொண்டு நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மனைவி. பக்கத்து சீட்டில் உயிரைக் கையில் பிடித்தபடி கணவன்.

"ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதியேன்!"

"பயமா இருக்குங்க."

"அப்ப கிளட்ச்சை முழுசா விட்டுத் தொலை!"

விட்டாள். வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. ஆபீஸ் விட்டதும் தினமும் இதே சரிவு, இதே பாடம். இன்றோடு எட்டு நாள்.

அவனுக்கு ஒன்றுமே புரியவில்லை. தையல் மெஷினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மாட்டுகிறவள், போன வாரம் பழுதான மிக்ஸியைத் தானே சரி செய்தவள், இந்த ஒரு பெடலிடம் மட்டும் ஏன் இப்படித் தோற்கிறாள்? கல்யாணமாகி ஐந்தே மாதம். அதிகம் திட்டவும் முடியவில்லை.

அதுவும் ஞாயிற்றுக்கிழமை கார் பந்தயத்தை வைத்துக்கொண்டு! அதற்காகத்தானே ஃப்ளைவீலின் எடையையே குறைத்தான். இன்ஜினுக்குப் பின்னால் சுற்றுகிற கனத்த இரும்புச் சக்கரம் அது. இலேசாக இருந்தால் இன்ஜின் சட்டென்று வேகம் பிடிக்கும்.

மெக்கானிக் அன்றைக்கே படித்துப் படித்துச் சொன்னார். "இலேசா வேணும்னா அதுக்குன்னே செஞ்ச ஸ்டீல் சக்கரம் இருக்கு, வர மூணு வாரம் ஆகும். பழைய வார்ப்பிரும்பைச் சீவி மாட்டாதே. நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுத்துல வெடிச்சுதுன்னா, காரோட தரைத் தகட்டைப் பொத்துக்கிட்டு வந்து காலை எடுத்துட்டுப் போயிடும்."

மூன்று வாரம் பொறுக்க இவனுக்கு ஏது பொறுமை? ஏதோ ஒரு லேத் பட்டறையில் பழையதையே பாதியாகச் சீவி, நண்பர்களைக் கூட்டிவந்து தானே மாட்டிக்கொண்டான். இத்தனைக்கும் இவன் வேலை, விபத்தான கார்களைப் பார்த்து இன்சூரன்ஸ் ரிப்போர்ட் எழுதுவது. ஊருக்குத்தான் உபதேசம்!

விஷயம் தெரிந்த அன்று மனைவி அழுது தீர்த்தாள். "வேண்டாங்க, அந்தச் சக்கரத்தைக் கழட்டிடுங்க" என்று கெஞ்சினாள். "வண்டியைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்று ஒரே போடாய்ப் போட்டான். மறுநாள் அழுகை நின்றது. "எனக்கும் ஓட்டக் கத்துக்குடுங்க" என்று வந்து நின்றாள். பெண்டாட்டி வழிக்கு வந்துவிட்டாள் என்று ஐயாவுக்கு அப்போது தலைகால் புரியவில்லை.

சனிக்கிழமை காலை கார் கையை விரித்துவிட்டது. இன்ஜின் அலறுகிறது, சக்கரம் நகரமாட்டேன் என்கிறது. கயிறு கட்டி மெக்கானிக் ஷெட்டுக்கு இழுத்துப் போனார்கள். மனைவியும் கூடவே வந்தாள்.

"கிளட்ச் சுத்தமா காலி" என்றார் மெக்கானிக். "கியர்பாக்ஸை இறக்கித்தான் மாத்தணும்."

"சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடுங்கண்ணே. நாளைக்குப் பந்தயம்" என்றவன், மனைவி பக்கம் திரும்பினான். "எல்லாம் உன்னாலதான்! சத்தியமா சொல்றேன், உனக்கு இந்த ஜென்மத்துல டிரைவிங் வராது!"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

இரண்டு மணி நேரம் கழித்து மெக்கானிக் கூப்பிட்டார். கியர்பாக்ஸ் தரையில் கிடந்தது. கிளட்ச்சையும் கழற்றியிருந்தார். அதற்குப் பின்னால் இருந்த ஃப்ளைவீலின் மேல் டார்ச் அடித்தார்.

"இங்க பாரு."

ஒரு போல்ட் ஓட்டையிலிருந்து அடுத்த ஓட்டை வரைக்கும் மயிரிழைபோல ஒரு கோடு ஓடியது.

"கிளட்ச் சூட்டுல வந்ததா அண்ணே?"

"சூட்டுல வந்தா மேலாப்புல வரும். இது உள்வரைக்கும் போகுது. லேத்துல சீவினப்பவே நடுவுல மெலிஞ்சுபோச்சு. நாளைக்குப் பந்தயத்துல நீ விரட்டியிருந்தா முதல் ரவுண்டுலயே வெடிச்சிருக்கும். கால் போனாப் பரவாயில்லன்னு நெனைக்கிற அளவுக்கு ஆகியிருக்கும் தம்பி."

அவன் டார்ச்சை வாங்கி அந்தக் கோட்டைத் தானே ஒருமுறை பார்த்தான். பக்கத்தில் கிடந்த டயரின் மேல் அப்படியே உட்கார்ந்தான். எத்தனை ரிப்போர்ட் எழுதியிருக்கிறான்! எத்தனை போட்டோ பார்த்திருக்கிறான்! எழுந்து வந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"என்னை மன்னிச்சிடும்மா. உனக்கு ஓட்ட வராம போனது என் அதிர்ஷ்டம். வாய்க்கு வந்தபடி திட்டிட்டேனே."

"விடுங்க. உசுரு தப்புச்சே, அது போதும்" என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வீட்டுக்குப் போங்க. என் வேனை எடுத்துக்கிட்டு நாளைக்குக் கொண்டுவந்து விடுங்க" என்று சாவியை நீட்டினார் மெக்கானிக். அவன் அந்தக் கோட்டையே பார்த்தபடி கையை நீட்டினான். சாவி கீழே விழுந்தது.

மனைவி குனிந்து எடுத்தாள்.

"நீயா? வேணாம்மா! பின்னாடி மேடு, ரெண்டு பக்கமும் வண்டி..."

அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஏறி உட்கார்ந்தாள், கண்ணாடியைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பெரிய வேன் இரண்டு கார்களுக்கும் நடுவே சாண் இடைவெளியில் பின்னால் நகர்ந்து, ஒரே மூச்சில் மேடேறி, தெருவில் போய் அழகாகத் திரும்பி நின்றது. ஒரு குதியும் இல்லை.

அவன் பேய் அறைந்தவனைப்போல ஓடிப்போய் ஜன்னலைப் பிடித்துக்கொண்டான்.

"உனக்கு... எப்படி?"

"கல்யாணத்துக்கு முன்னாடி எட்டு வருஷம் எங்கண்ணனோட டெலிவரி வேனை நான்தானே ஓட்டினேன். ஓட்டத் தெரியுமான்னு நீங்க ஒரு வார்த்தை கேட்கலையே?"

"அப்ப அந்தச் சரிவுல... எட்டு நாளா..."

"அழுதா நீங்க கேட்கலை" என்றபடி அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டாள். "கிளட்ச் கருகினாத்தானே கியர்பாக்ஸை இறக்கி, அந்தச் சக்கரத்தைப் பார்ப்பீங்க!"