முப்பத்தொரு பேருக்கான குரல்

"பதினேழு நாளா இவர் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல, தம்பி. இதுக்கு ஒரு முடிவு சொன்னாத்தான் நான் இங்கேருந்து எழுந்திருப்பேன்."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அவியா, வந்தவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அம்மா, இது போன் கம்பெனி ஆபீஸ். புருஷன் பொண்டாட்டி சண்டைன்னா ஊர்ப் பெரியவங்ககிட்டப் போங்க."

அசிபி தன் கணவன் அகோல்கோவின் சட்டைப் பையிலிருந்து போனைப் பிடுங்கி மேசைமேல் வைத்தாள். "இவர் எங்கே பேசுறாரு? இதுதானே பேசிட்டு இருந்துச்சு. இதோட வாயை அடைச்சது நீங்கதானே!"

அப்போதுதான் அவியா, அகோல்கோவின் தொண்டையில் கட்டியிருந்த துணியைக் கவனித்தான். குரலில் கொஞ்சம் மரியாதை ஏறியது. "உட்காருங்கய்யா."

அகோல்கோ ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி ஓட்டியவர். தொண்டையில் புற்று வந்து, இரண்டு வருடத்துக்கு முன்பு குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு அவர் எழுதுவதையெல்லாம் இந்தப் போன் அவர்கள் தாய்மொழியான குருனேயில் வாசித்துச் சொன்னது. அசிபிக்கு எழுத்து தெரியாது. குருனே தவிர வேறு பாஷையும் வராது.

அந்தக் குரல் ஓர் இளம்பெண்ணின் குரல். எதைச் சொன்னாலும் கல்யாண வீட்டுக்கு அழைப்பது போல உற்சாகமாகச் சொல்லும். அசிபி காய்ச்சி விற்கும் பிட்டோ என்ற செஞ்சோள மதுவைக் குடிக்க வருகிறவர்கள், "உன் வீட்டுக்காரர் சத்தமில்லாம இளையாளைக் கொண்டாந்துட்டாரே!" என்று சீண்டுவார்கள். "அவ பேசட்டும், செஞ்சோளத்தை நான் காய்ச்சிக்கிறேன்" என்பாள் அசிபி.

"போனுக்குப் புது மாத்தம் வந்திருக்கும்மா. அதுல குருனேயை எடுத்துட்டாங்க" என்றான் அவியா. "இங்கிலீஷ் இருக்கு, ட்வி இருக்கு, ஹௌசா இருக்கு."

"இங்கிலீஷ்ல பேசிக் காட்டினாரு. ஆடு கத்துற மாதிரி இருந்துச்சு. ஏன் எடுத்தீங்க?"

"நாடு பூரா முப்பத்தொரு பேருதான் அதை உபயோகிச்சாங்களாம். அத்தனை கொஞ்சம் பேருக்காக வச்சுப் பராமரிக்க முடியாதுன்னு அக்ராவுல தலைமை ஆபீஸ்ல முடிவு பண்ணிட்டாங்க."

"முப்பத்தொரு பேரு ஊமையாப் போனா பரவாயில்லையா? உங்க அக்ராக்காரன் வீட்டுல அத்தனை பேரு இருப்பாங்களா?"

அவியா நவ்ரோங்கோ ஊர்க்காரன். அவன் அம்மா பேசும் பாஷைக்கு அந்தப் போனில் என்றைக்குமே இடம் இருந்ததில்லை.

அகோல்கோ மனைவியின் முந்தியைப் பிடித்து இழுத்தார். போகலாம் என்று வாசலைக் காட்டினார். காலையில் தங்கள் ஊர் போல்காவில் பஸ் ஏறியதிலிருந்தே அவர் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்.

"சும்மா இருங்க. உங்களுக்காகத்தான் டமாலே வரைக்கும் வந்து மல்லுக்கட்டிட்டு இருக்கேன்" என்று அவர் கையைத் தட்டிவிட்டாள். அவியாவின் பக்கம் திரும்பினாள். "ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தாரு தம்பி, மறுநாளே சத்தம் போச்சு. எப்படி இருக்கு உடம்புன்னு கேட்டேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாரு. அவ்வளவுதான் எங்க பேச்சு. பசிச்சா வயித்தைத் தொடுறாரு, தூங்கணும்னா கண்ணை மூடுறாரு. மாட்டோட குடும்பம் நடத்துற மாதிரி இருக்கு."

அவியா கதவை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டான். "அந்தப் பழைய குருனே குரல் என்கிட்ட ஒண்ணு இருக்கு. போடக் கூடாது, தெரிஞ்சா என் வேலை போயிடும். இந்தப் போன் கெட்டுப்போனா அதோட சரி, வேறெதுலயும் ஏறாது. சம்மதமா?"

"இருக்கிற வரைக்கும் பேசட்டும், தம்பி."

போனைக் கம்ப்யூட்டரோடு இணைத்தவன், எதையோ படித்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினான்.

"ஐயா, இது தானா மாறலையே? குருனே போயிடும், பரவாயில்லையான்னு ரெண்டு தடவை கேட்டிருக்கு. ரெண்டு தடவையும் நீங்க சரின்னு அழுத்தியிருக்கீங்க."

அசிபிக்குச் சிரிப்பு வந்தது. "கண்ணாடி போடாம அழுத்தியிருப்பாரு..." என்று திரும்பியவள், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"தெரிஞ்சேதான் செஞ்சீங்களா? சொல்லுங்க, உங்களுக்குத்தான் பொய் வராதே."

அகோல்கோ ஆமென்று தலையை ஆட்டினார்.

அவள், இதுவரை அந்த அறையில் ஒலிக்காத ஒரு சின்னக் குரலில் கேட்டாள்: "எங்கூட பேசுறது அவ்வளவு கசந்துபோச்சா?"

அவர் வேகவேகமாக இல்லை என்று கையசைத்தார். அவியா பழையதை ஏற்றி முடித்துப் போனை அவரிடம் நீட்டினான். அவர் வாங்கவில்லை. அசிபிதான் வாங்கி அவர் மடியில் வைத்தாள்.

"பேசுங்க."

அவர் எழுதினார். அழித்தார். மறுபடி எழுதிவிட்டு, கட்டை விரலைத் திரைக்கு மேலே தூக்கியபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அழுத்தினார்.

பதினேழு நாளுக்குப் பிறகு அந்த இளம்பெண் குரல் உற்சாகமாகச் சொன்னது:

"இனிமே ஆஸ்பத்திரிக்கு வர வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாரு, அசிபி."