இரண்டு சத்தங்கள்

ஓக்லஹோமாவின் துப்பாக்கிக் கடையில் சாயங்கால வெயில் கண்ணாடி மேசைமேல் சாய்ந்து விழுகிறது. அங்கே குண்டு போடாத இரண்டு கைத்துப்பாக்கிகள். ஒன்றில், தவறிச் சுட்டுவிடாமலிருக்க, கட்டைவிரலால் தள்ளித் திறக்கும் ஒரு சின்னப் பூட்டு. மற்றதில் அது இல்லை. தினமும் வேலை முடிந்து தனியாகக் கார் ஓட்டி வீடு திரும்பும் நர்ஸ் வெர்னா இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறாள். "நான் கை தட்டுனதும் உருவிச் சுடுங்க," என்று கடைக்காரர் டுவைட் தட்டுகிறார். பூட்டு உள்ளதை இடுப்பு உறையிலிருந்து உருவி, சுவரிலிருக்கும் காகித மனிதனைக் குறிபார்த்து விசையை அழுத்துகிறாள். சத்தமே இல்லை. "பூட்டைத் திறக்கலையேம்மா! உங்க கார்லயே ஏறிப் போயிட்டான் திருடன்." கூட வந்த தங்கை ஜோலீன் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். மறுபடி தட்டுகிறார், மறுபடியும் சத்தமில்லை. மூன்றாம் தடவைதான் கட்டைவிரல் ஞாபகமாகப் பூட்டைக் கீழே தள்ள, விசை அழுந்துகிறது. டிக்.

"போதும்ப்பா, பூட்டில்லாததே குடுங்க. என் பையிலதான் கிடக்கப்போகுது," என்று அதை எடுத்துத் தன் கைப்பைக்குள் போடுகிறாள். "உறையில்லாம பையில..." என்று டுவைட் வாயெடுப்பதற்குள் பைக்குள்ளிருந்து போன் அடிக்கிறது. சாவிக்கொத்து, சீப்பு, உதட்டுச்சாயம் எல்லாவற்றையும் புரட்டிப் போனைத் துழாவுகிறாள். டிக். மூவரும் பையையே பார்க்கிறார்கள். போன் விடாமல் அடிக்கிறது. பைக்கு நேரே நின்ற ஜோலீன் சிரிப்பை விட்டுவிட்டு, சத்தமில்லாமல் ஓரடி நகர்ந்துகொள்கிறாள். பைக்குள், வெர்னாவின் கட்டைவிரல், அந்தத் துப்பாக்கியில் இல்லாத பூட்டைப் பூட்ட மேலே தள்ளித் தள்ளிப் பார்க்கிறது.