நெறம் எப்படி?

"இந்த வெள்ளைக்கு முன்னால நில்லு மக்கா. ம்... இனி அந்த நீலத்துக்கு முன்னால வா."

ஜெம்மா நகர்ந்து நின்றாள். முன்னறைச் சுவரில் இரண்டு டிஸ்டெம்பரையும் ஒரு கதவகலத்துக்குப் பூசிக் காட்டியிருந்தார் அப்பா யேசுவடியான். அம்மா ஆனந்தபாயின் கண் மகளுடைய முகத்திலேயே இருந்தது.

"கடும் நீலந்தான். வெள்ளைக்கு முன்னால இவ இன்னும் கறுத்துல்லா தெரியுதா."

"அவ கேட்டுட்டு நிக்குதா," என்றார் யேசுவடியான்.

"கேக்கட்டும். ஞாயித்துக்கெழம பெண்ணு காண வாறாங்க. 'அங்க நெறம் எப்படி'ன்னு மாப்பிள எலியாவுக்க அம்மை தரகர்கிட்ட கேட்டு விட்டிருக்கா. நான் என்ன செய்ய?"

பாறசாலைப் பக்கம் கல்யாணப் பேச்சில் நெறம் எப்படி என்று கேட்டால் ஒரே அர்த்தம்தான். பெண்ணுக்கு வெளுப்பு உண்டா?

யேசுவடியான் பிரஷைக் கீழே போட்டார். "அப்பிடி கேக்குத குடும்பம் நமக்கு வேண்டாம்."

"இதையும் விட்டா பெறவு பிள்ள இஞ்சயே இருக்கட்டும்."

இதற்கு முன் வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டுப் போனவர்கள்தான். அவர் பிரஷை எடுத்து நீலத்தில் முக்கினார்.

ஜெம்மா அடுக்களைக்குப் போய்விட்டாள். சர்ச் திருநாளில் பார்த்த எலியாவை அவளுக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை குன்னத்துகாலிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினார்கள். ஜெம்மா டீ கொடுத்துவிட்டு, சொல்லிக்கொடுத்தபடியே நீலச் சுவரை ஒட்டி நின்றாள்.

எலியாவின் அம்மா சுவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நெறம் இதுதானா?"

ஆனந்தபாய் முந்திக்கொண்டாள். "வெயில்ல போயிட்டு வந்து கொஞ்சம் மங்கிப்போச்சு. ஒரு மாசம் உள்ள இருந்தா வெளுத்துரும்."

"எது, சுவரா?"

"இல்ல... பிள்ள."

"பிள்ளைக்கென்ன? அவன் திருநாள்லயே கண்டு இஷ்டப்பட்டாச்சு. எனக்கும் சம்மதமாக்கும்." அந்த அம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எங்க வீட்டுலயும் பெயிண்ட் அடி நடக்கு. இஞ்ச உள்ள நெறத்தையே இவ கெடக்குத ரூமுக்கும் அடிச்சா, வேற வீடுன்னு தோணாதுல்லா? அதாக்கும் கேட்டு விட்டேன். தரகர் சொல்லலியா?"

தரகர் யோசுவா எந்தச் சேதியிலும் பாதியை வழியிலேயே விழுங்கிவிடுகிறவர். இப்போது மிக்சரில் மும்முரமாக இருந்தார்.

ஆனந்தபாய் தலை நிமிரவில்லை. எலியாவின் அம்மா ஜெம்மாவிடம் திரும்பினாள்.

"அப்பம் இந்த நீலத்தையே அடிக்கட்டா மக்கா?"

ஜெம்மா அம்மாவை ஒரு தடவை பார்த்தாள். சுவரை விட்டு விலகி, ஜன்னல் வெளிச்சத்தில் வந்து நின்றாள்.

"வேண்டாம் மாமி. வெள்ளை அடிச்சாப் போதும்."