பிளாக் செய்த பிறகு

ஒரு பனைமரத்தின் அடியில் ஓணானும், உச்சியில் மரங்கொத்தியும் குடியிருந்தன. இரண்டும் தினமும் கைப்பேசியில் செஸ் ஆடும்.

ஒருநாள் தோற்கப்போகிற நேரத்தில் மரங்கொத்தியின் இணைப்பு அறுந்துவிட்டது. "தோக்கும்போது மட்டும் உனக்கு நெட் போயிடுமா?" என்று ஓணான் செஸ் குழுவில் எல்லோரும் பார்க்கக் கேட்டது.

"தலையை ஆட்டுறதைத் தவிர உனக்கு என்னடா தெரியும்?" என்றது மரங்கொத்தி. இரண்டும் ஒன்றையொன்று பிளாக் செய்துகொண்டன.

அதன்பின் ஓணானுக்கு ஆட்டம் ருசிக்கவில்லை. ஆமை ஒரு காயை நகர்த்த அரைநாள் எடுத்துக்கொண்டது. குரங்கு ராணியைப் பறிகொடுத்துவிட்டுச் சிரித்தது. கடைசியில் ஓணான் 'புலி' என்ற பொய்ப்பெயரில் வேறொரு செஸ் குழுவில் நுழைந்தது. அங்கே 'கழுகு' என்று ஒரு புதியவர் கிடைத்தார். அபாரமான ஆட்டக்காரர்!

"ஆடினா உங்களோட ஆடணும் சார். முன்னாடி ஒரு மரங்கொத்தி இருந்தான், சரியான அழுகுணி" என்றது புலி.

"எனக்கும் ஒரு ஓணான் வாய்ச்சான் சார். வாயைத் திறந்தா வம்பு" என்றது கழுகு.

காற்றே இல்லாத ஒரு மத்தியானம் ஓணான் குதிரையை நகர்த்தியது. உடனே பனை உச்சியில் 'டிங்' என்று கேட்டது. மேலேயிருந்து பதில் வந்தபோது அடியில் 'டிங்' என்றது. ஓணான் மேலே நிமிர்ந்தது, மரங்கொத்தி கீழே குனிந்தது.

பிறகு கழுகு எழுதியது: "சார், அந்த மரங்கொத்திக்கு அன்னைக்கு நிஜமாவே நெட் போயிடுச்சாம். கேள்விப்பட்டேன்."

"அப்படியா சார்? ஓணானும் ரொம்ப வருத்தப்பட்டதாத்தான் பேசிக்கிறாங்க" என்று எழுதிய புலி, சற்று யோசித்துச் சேர்த்தது: "உங்க ராணி ஆபத்துல இருக்கு, பாத்து ஆடுங்க."