செவ்வாய்க்கிழமைத் தொட்டி

"எழுபத்தெட்டு வயசு மனுஷன். அவரைப் போய்த் தன் கக்கூஸ் தண்ணியை இழுக்க வைக்கிறாளே, இவளுக்கெல்லாம் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?" என்றாள் நோரீன்.

அவள் கணவன் கர்ட் அடுப்பில் முட்டையைப் புரட்டிக்கொண்டே, நமக்கெதுக்கு அந்த வம்பு என்றான்.

அரிசோனா பாலைவனத்தில், குளிர்காலத்தைக் கழிக்க வடக்கிலிருந்து வந்தவர்களின் கேரவன்கள் வரிசையாக நின்றன. வெயிலுக்குக் குறைவில்லை. சாக்கடை இணைப்புதான் கிடையாது. கேரவன் அடியில் கழிவு சேரும் டாங்க் நிறைந்தால், சக்கரம் வைத்த நீலத் தொட்டியில் குழாய் போட்டு இறக்கி, பிக்-அப் வண்டியின் பின்னால் கட்டி, சாலையோரத்தில் இருக்கும் கழிவுக்குழிக்கு மெதுவாக இழுத்துப் போகவேண்டும். அவரவர் கழிவு அவரவர் பாடு.

தனியாக இருக்கும் தெல்மாவுக்கு மட்டும் கிழவர் லெஸ்டர் செய்தார்.

செவ்வாய்க்கிழமை தவறாது தன் தொட்டியோடு வந்துவிடுவார். ரப்பர் கையுறை மாட்டி, முழங்காலைப் பிடித்தபடி மண்ணில் உட்கார்ந்து, குழாயைப் பூட்டி, வால்வை இழுப்பார். தெல்மா நிழலில் நாற்காலி போட்டுக் காபி குடிப்பாள். குடிக்கிறதோடு விட்டாலும் பரவாயில்லை. குழாய் சரியாகப் பூட்டவில்லை, போன தடவை மாதிரி ஒழுகப்போகிறது என்று நொட்டை வேறு. அவர் எரிச்சலாகி, வால்வை இழுப்பது எப்படி என்று மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பார். அவள் மண்டையில் ஏறவே ஏறாது.

நோரீன் ஒருநாள் நேராகத் தெல்மாவிடம் போய், வாங்க, நான் கற்றுத்தருகிறேன், பத்து நிமிட வேலை என்றாள்.

"எனக்கு அதெல்லாம் வராதும்மா. நாத்தம் தாங்காது" என்று சொல்லிவிட்டுத் தெல்மா பத்திரிகையைப் புரட்டினாள்.

அன்றிலிருந்து அவளுக்கு 'மகாராணி' என்று பெயர் வைத்தாள் நோரீன். பெயர் முகாம் முழுக்கப் பரவியது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவார்கள். தெல்மா கொண்டுவந்த பீன்ஸை யாரும் தொடவில்லை. அவள் பக்கத்து நாற்காலியும் காலியாகவே இருந்தது. அவள் பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த செவ்வாய், கிழவருக்கு இன்றைக்காவது ஓய்வு கொடுக்கலாம் என்று நோரீன் விடிந்ததும் தன் தொட்டியை உருட்டிக்கொண்டு போனாள்.

தெல்மாவின் பிக்-அப் அப்போதுதான் திரும்பி வந்து நின்றது. பின்னால் நீலத் தொட்டி. தெல்மா இறங்கினாள். கையுறையை உரித்துப் போட்டாள். தொட்டியைக் கேரவனுக்குப் பின்னால் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடினாள். பிறகு வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுபோய்க் கழிப்பறையில் ஊற்ற ஆரம்பித்தாள்.

"உங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே" என்றாள் நோரீன்.

தெல்மா திடுக்கிட்டாள். அப்புறம் வாளியைக் கீழே வைத்தாள்.

"என் வீட்டுக்காரருக்கு இடுப்பு சரியில்லாம இருந்தது. அவர் இருந்தவரைக்கும் நான்தான் பண்ணேன்."

பிறகு தெல்மா விஷயத்தைச் சொன்னாள். லெஸ்டரின் மனைவி ஐடெல் போன வருஷம் இறந்தபோது அவர் கேரவன் கதவைத் திறக்கவே இல்லையாம். ஆறுதல் சொல்லப் போனவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினாராம். கொண்டுபோய் வைத்த சாப்பாடு அப்படியே கிடந்ததாம். தெல்மா போய்க் கதவைத் தட்டி, டாங்க் நிரம்பி வழிகிறது, எனக்கு ஒன்றும் புரியவில்லை என்றாளாம். உடனே சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாராம்.

"என்னைத் திட்டறதுக்காகவாவது வாரத்துல ஒரு நாள் வாயைத் திறக்கறார். வேற யார்கிட்ட பேசறார் சொல்லு?"

"சரி, இந்தத் தண்ணி?"

"பின்ன? என் அசிங்கத்தையா அவர் கையில கொடுப்பேன்?"

யாரிடமும் சொல்லாதே என்று தெல்மா கேட்டுக்கொண்டாள். நோரீன் தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

அன்று மத்தியானம் கர்ட்டும் அவளும் தங்கள் தொட்டியைக் காலி செய்யக் கழிவுக்குழிக்குப் போனபோது, தெல்மாவின் டாங்கிலிருந்து இறக்கிய தொட்டியோடு முன்னால் லெஸ்டர் நின்றிருந்தார். அவர் தொட்டியின் மூடியைத் திறந்தார். குழாயிலிருந்து தெளிந்த தண்ணீராக வந்து விழுந்தது.

நோரீனுக்குப் பதற்றம். இவருக்குத் தெரிந்துவிடக் கூடாதே.

"டாங்க்ல போட இப்ப வர்ற மருந்தெல்லாம் ரொம்ப நல்ல மருந்து. நாத்தமே இல்லை பாருங்க" என்று முந்திக்கொண்டாள்.

லெஸ்டர் சிரித்துவிட்டார்.

"எத்தனை வருஷமா இந்த வேலை பண்றேன், எனக்குத் தெரியாதா? வெறும் தண்ணிம்மா. முதல் வாரத்துலேர்ந்தே தண்ணிதான்."

கர்ட் குழப்பத்தோடு இருவரையும் பார்த்தான்.

"தெரிஞ்சுமா இதை இவ்வளவு தூரம் இழுத்துக்கிட்டு வர்றீங்க?" என்றாள் நோரீன்.

லெஸ்டர் குழாயை அலசி, நிதானமாகச் சுற்றி வண்டியில் போட்டார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"முகாம்ல ஒருத்தரும் அவகிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்லை. நானும் போகலேன்னா, அவ கதவை யாரும்மா தட்டுவா?"