ஹெரெஸுக்கு ஒரு சீட்டு

“ஊலே, இன்னிக்கு ஒரு நாள் ஆறு மணி வரைக்கும் என் லைனை நிறுத்திடாதீங்க. வேலை போயிரும்.”

வாசலில் நின்ற ஷப்னத்தைத் தங்கவேலு திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்பதே உண்மை. ஸ்பெயினுக்கென்று தைத்த கோட்டின் காலர் அவ்வளவு விறைப்பு.

பர்மாவில், தின்கன்ஜூன் பேட்டையில் அந்த மூன்று மாடி வீடு அவருடையது. மின்சாரம் மதியமே போயிருந்தது. அவருடைய ஜெனரேட்டரிலிருந்துதான் எல்லா வாடகை வீட்டுக்கும் லைன் போகிறது. சுவிட்சுப் பலகை அவர் நாற்காலிக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதில் அவருக்குத் தனி சந்தோஷம். ஊலே என்றால் பர்மியத்தில் மாமா. அந்தக் கட்டடத்தில் அவரை அப்படி அழைப்பவள் மூன்றாம் மாடி ஷப்னம் ஒருத்திதான். மற்றவர்களுக்கு அவர் ‘ஓனர்’.

“லைன் குடுக்கிறது லைட்டுக்கும் ஃபேனுக்கும். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர்ல அப்படி என்னம்மா டைப்பு?”

“வேலை ஊலே. நடுவுல கட்டானா என் பேர்ல தப்புன்னு எழுதி வச்சிடுவாங்க. ஏற்கெனவே ரெண்டு தடவை ஆயிருச்சு.”

“பாக்கலாம், போ.”

அவள் மாடியேறிப் போனாள். தங்கவேலு கண்ணாடிக் கோப்பையில் இருந்த திராட்சை ஜூஸைச் சுழற்றி மோந்து பார்த்தார்.

“முதல்ல மூக்கு, அப்புறம்தான் நாக்கு. ஹெரெஸ்ல ஒயினை அப்படித்தான் குடிப்பாங்களாம். மாரியா சொன்னா.”

“ஜூஸு சூடாகுது, குடிங்க” என்றாள் மனைவி சொர்ணம்மாள்.

ஹெரெஸ், தெற்கு ஸ்பெயினில் ஓர் ஊர். தங்கவேலு அதைப் பிடித்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று: கோயில் கமிட்டியில் யாரும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. தலைவர் போய்வந்தது பாரிஸ். பாரிஸுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம்! திராட்சை அறுவடைத் திருவிழா, ஆடுகிற குதிரை என்று மூன்று மாதமாகக் கமிட்டியில் அளந்துகொண்டிருந்தார். எல்லாம் சுற்றுலாக் கம்பெனியின் மாரியா சாட்டில் எழுதி அனுப்பிய சரக்கு. திருவிழாப் பயணத்தில் மிச்சம் இருப்பது ஒரே சீட்டு. அதை இன்று ஆறு மணிக்குள் அவள் உறுதி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கமிட்டியில் தலைகாட்ட முடியாது.

“ஸ்பெயின்காரி எப்படிங்க இவ்வளவு நல்லா தமிழ் எழுதுறா?”

“கம்ப்யூட்டர் மாத்திக் குடுக்குதுடி. காலம் எங்கியோ போயிருச்சு.”

“பதினோரு வருஷமா குடியிருக்கிறவங்க கெஞ்சியும் மாடிப்படிக்கு வெள்ளை அடிக்கலை. உங்க மாரியாத்தா ஒரு வரி எழுதினா, மறுநாளே சுண்ணாம்பு வந்திருச்சு.”

“அந்த ஊர்ல வீடெல்லாம் வெள்ளை வெளேர்னு இருக்குமாம். அடிக்காத வீட்டுக்காரனை மனுசனாவே மதிக்க மாட்டாங்களாம்.”

“தண்ணி மோட்டாரையும் மாத்தினீங்களே?”

“அங்க மாடிக்கு மாடி தண்ணி கொட்டுதாம். நாம மட்டும் என்ன குறைச்சல்?”

ஐந்து மணிக்குக் கோட்டுக்குள் வியர்வை ஆறாக ஓடியது. கோட்டைக் கழற்ற மனமில்லை. பழக வேண்டுமாம். ஏசியைப் போட்டார். ஜெனரேட்டர் முக்கி முனகியது. கையை நீட்டி மூன்றாம் மாடி சுவிட்சை அணைத்தார்.

“பாவங்க, அந்தப் பொண்ணு அவ்வளவு கேட்டுட்டுப் போச்சே!”

“ஸ்பெயின் முக்கியமா, அவ டைப்பு முக்கியமா?”

குளுகுளுவென்று காற்று வந்தது. தங்கவேலு திரையைப் பார்த்தார். ‘ஒரு நிமிடம், பதிவு செய்கிறேன்’ என்று மாரியா எழுதியிருந்தாள். அந்த ஒரு நிமிடம் இருபது நிமிடமாயிற்று.

‘ஹலோ’ என்று எழுதினார். பதில் இல்லை. ‘மேடம்’ என்றார். ஐந்தே முக்காலுக்கு ‘அம்மா’ என்றார். ஐந்து ஐம்பதுக்கு ‘தாயே’ என்றே எழுதிவிட்டார். கமிட்டித் தலைவரின் சிரிப்பு இப்போதே காதில் கேட்டது.

“தூங்கப் போயிருப்பா” என்றாள் சொர்ணம்மாள்.

“வாயை மூடுடி!”

டிங் என்றது கம்ப்யூட்டர். பாய்ந்து போய்ப் படித்தவர், காலரையும் மீறிக் கழுத்தை நிமிர்த்தி மேல் தளத்தைப் பார்த்தார்.

மாரியா எழுதியிருந்தாள்: “ஊலே, போன்ல இருந்து எழுதுறேன், மூணாவது மாடி சுவிட்சைப் போடுங்க. உங்க சீட்டைப் போட்டுடுறேன்.”